கொன்றவனே விசாரிக்கலாமா?

2009 மே மாதம் கும்மிடிப்பூண்டி பஜாரில் கறுப்புக்கொடி பிடித்து நின்றவர்களில் நானும் ஒருவன். அப்போது எம்.ஏ. தமிழ் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் சேரியிலிருந்து சிப்காட்டுக்குக் காண்ட்ராக்ட் வேலைக்குப் போகிறவர்கள் ஷிப்டு முடிந்து அழுக்குச் சட்டையோடு வந்து நின்றார்கள். முள்ளிவாய்க்கால் எந்தத் திசை என்று தெரியாத எங்கள் ஆயா, "கொயந்தைங்களகூட உடலியாமே பாவிங்க" என்று மாரில் அடித்துக்கொண்டாள். யாரும் சொல்லி அழவில்லை.

2011 செப்டம்பர் 11, பரமக்குடி. இம்மானுவேல் சேகரன் நினைவுநாளுக்குக் கூடிய தலித் மக்கள்மீது போலீஸ் சுட்டது. ஆறு பேர் செத்தார்கள். அதே பஜாரில் ஒரு கண்டனக் கூட்டம் போடலாம் என்று, 2009ல் எங்களோடு மைக் பிடித்தவர்களிடம் போனோம். "அது சாதிப் பிரச்சினை தம்பி. இப்பப் போய்க் கிளறினா தமிழர் ஒற்றுமை என்னாவறது?" என்றார்கள். செத்த ஆறு பேரும் எந்த மொழியில் அலறினார்களாம்?

ஆறு எங்கே, 40,000 எங்கே என்று வாயடைப்பார்கள். 40,000 வரை இருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011ல் சொன்னது. நான் எடைபோட வரவில்லை. எங்கள் ஆறைக் காட்டி அந்த நாற்பதாயிரத்தைச் சிறுமைப்படுத்துகிறவன் எனக்கும் எதிரிதான். (அது வெள்ளாளன் சண்டை, நமக்கென்ன என்று நம் தோழர்களே சிலர் பேசுகிறார்கள். செல் என்ன சாதி விசாரித்துவிட்டா விழுந்தது? அங்கே செத்ததில் நம் ஜனங்களும் உண்டு.)

நான் கேட்பது விசாரணையைப் பற்றி. ராஜபக்சே அரசு தானே ஓர் ஆணைக்குழு போட்டது. 2011 டிசம்பரில் வெளிவந்த அதன் அறிக்கை, பொதுமக்களைக் காப்பதற்கே ராணுவம் முன்னுரிமை கொடுத்தது என்றது. தமிழ்நாடே காறித் துப்பியது. கொன்றவனே விசாரிப்பதா, சர்வதேச விசாரணை வை என்று 2013ல் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். நியாயம்தானே? அதே 2013ல் பரமக்குடி பற்றிய நீதிபதி சம்பத் ஆணைய அறிக்கை சட்டமன்றத்துக்கு வந்தது. துப்பாக்கிச்சூடு தவிர்க்க முடியாதது என்றது. இலங்கைமீது பொருளாதாரத் தடை கேட்டு 2011 ஜூனில் தீர்மானம் போட்ட அதே சட்டமன்றம். யார் துப்பினார்கள்?

இது புதுசு இல்லை. 1999 ஜூலை 23, மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக நெல்லையில் ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் தாமிரபரணிக்குள் அடித்து விரட்டியது. கைக்குழந்தை உட்பட 17 பிணம். பெரும்பாலோர் நீரில் மூழ்கிச் செத்தார்கள் என்றது நீதிபதி மோகன் ஆணையம். ஆறுதான் கொன்றதாம். 1968ல் கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்த வழக்கில் மிராசுதார்களைச் சென்னை உயர்நீதிமன்றம் 1973ல் விடுவித்தது. அத்தனை பெரிய பணக்காரர்கள் தாங்களே போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லையாம். கொழும்பில் இப்படி ஒரு தீர்ப்பு எழுதியிருந்தால் இங்கே எத்தனை பஸ் எரிந்திருக்கும்?

பரமக்குடி நடந்த மறுநாள் கும்மிடிப்பூண்டி அகதிகள் முகாமுக்குப் போயிருந்தேன். வன்னியிலிருந்து வந்த ஒரு அக்கா டீ கொடுத்துவிட்டுக் கேட்டார்: "எத்தினை பேர் தம்பி?"

"ஆறு பேருக்கா."

"பேருகள் தெரியுமோ?"

எனக்குத் தெரியவில்லை. கூட்டம் போட இடம் கேட்டு அலைந்தேனே தவிர ஒரு பெயரைக்கூட விசாரித்திருக்கவில்லை. அக்கா கோபிக்கவில்லை. "அறிஞ்சுகொண்டு வாங்கோ. எங்கட ஆக்களுக்கு விளக்கு வைக்கேக்க சேர்த்து வைப்பம்" என்றார். அடுத்த வாரம் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோனேன்.