பாட்டியின் மூன்றாவது பதிவு

போன மாதம் இரண்டு நாள் விடுப்பில் பாலிக் புலாவ் வீட்டுக்குப் போயிருந்தேன். லக்சா சாப்பிட்டுவிட்டுத் தூங்குவதுதான் திட்டம். வாசலிலேயே அக்கா மகன் பிடித்துக்கொண்டான்.

"மாமா, என் கம்ப்யூட்டர்ல இடமே இல்ல. ஸ்டோர்ல கிடக்கிற உங்க பழைய கம்ப்யூட்டரோட ஹார்ட் டிஸ்க்க எடுத்துக்கட்டுமா?"

நான்காம் படிவம் படிக்கிறான். பள்ளிக் கழகத்துக்குக் காணொளி தொகுத்துத் தருகிறான். அவனுடைய புதுக் கணினியில் 256 ஜிபிதான். என் பழையதில் 500 ஜிபி. கேட்டது நியாயம்தானே!

ஹார்ட் டிஸ்க் நம் ஊருக்கு அந்நியமான பொருளும் இல்லை. மலைக்கு அந்தப் பக்கம், 1972-இல் தொடங்கிய பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப வட்டாரத்தில், அதற்கான தகடுகளைச் செய்த தொழிற்சாலையே இருந்தது. என் பெரியம்மாகூட அந்த வட்டாரத்தில் இரவு ஷிப்டு பார்த்தவர்தான்.

மாற்றும் வேலை சுலபம். கணினியை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கிவிட வேண்டும். உள்ளே கை வைக்கும் முன் கணினியின் உலோகப் பெட்டியைத் தொட்டு, உடலிலுள்ள நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொள்ள வேண்டும். சாட்டா கம்பி ஒன்று, மின் இணைப்பு ஒன்று, அவ்வளவுதான். மடிக்கணினி வைத்திருப்பவர்கள் யுஎஸ்பி பெட்டி வாங்கலாம். 2.5 அங்குல டிஸ்க்குக்கு யுஎஸ்பி மின்சாரமே போதும். 3.5 அங்குலத்துக்கு 12 வோல்ட் தேவை என்பதால் தனி அடாப்டருடன் வரும் பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள். பழைய டிஸ்க்கிலும் விண்டோஸ் இருக்கும். அதனால் பயாஸ் அமைப்பில் புது டிஸ்க்கே முதலில் இயங்கும்படி வைத்துவிடுங்கள்.

அரை மணி நேரத்தில் டிஸ்க் திரையில் வந்துவிட்டது.

"ஃபார்மட் அடிச்சிடவா மாமா? மொத்த இடமும் கெடைக்கும்."

"இருடா, உள்ள என்ன இருக்குன்னு பாத்துக்கலாம்."

'2010 அசைன்மெண்ட்' என்று ஒரு கோப்புறை. கல்லூரியில் ஊடகம் படித்தபோது பாட்டியைப் பேட்டி எடுத்த மூன்று ஒலிப்பதிவுகள். தொலைந்தே போய்விட்டன என்று நினைத்திருந்தேன். முதல் பதிவில், ஜாதிக்காய்த் தோட்டத்துக்கு விடியலில் நடந்து போன கதையைச் சொல்கிறார். சமையலறையிலிருந்த அம்மா கரண்டியோடு வந்து நின்றுவிட்டார். பாட்டி போய் ஒன்பது வருஷமாகிறது.

உடனே கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை இறக்கிப் பார்த்தேன். டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும் மென்பொருள் அது. நீல நிறத்தில் 'குட்' என்று காட்டினால் நல்லது. எங்களுக்கு மஞ்சளில் 'காஷன்' என்று காட்டியது. படிக்க முடியாத பகுதிகள் உருவாகியிருந்தன. முதல் பதிவு நகலானது, இரண்டாவதும் வந்துவிட்டது. மூன்றாவது பாதியில் நின்றது. மூன்று முறை முயன்றும் அதே இடத்தில் நின்றது.

"மூணாவதுல பாட்டி என்ன பேசியிருந்தாங்க மாமா?"

யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை. தினமும் ஒலிவாங்கி முன் பேசிச் சம்பாதிக்கிறவன் நான். பாட்டியின் குரலுக்கு ஒரு நகல் எடுத்து வைக்கவில்லை.

அந்த டிஸ்க்கைத் தூக்கி எறியவில்லை. அது இப்போது அவன் கணினியில்தான் இருக்கிறது, விளையாட்டுகளுக்கு மட்டும். அவை போனால் மீண்டும் இறக்கிக்கொள்ளலாம். பள்ளிக் காணொளிகளை அதில் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். பழைய டிஸ்க் இடம் தரும், பாதுகாப்பு தராது. நல்ல நிலையில் இருந்தாலும் அது இரண்டாவது நகலுக்குத்தான். ஒரே நகலை அதில் வைத்துவிடாதீர்கள்.

உங்கள் வீட்டு ஸ்டோரிலும் ஒரு பழைய கணினி இருக்கும். இந்த வார இறுதியில் எடுத்துப் பாருங்கள். 'ஃபார்மட்' செய்யவா, 'இனிஷியலைஸ்' செய்யவா என்று கணினி கேட்டால் அவசரப்பட்டுத் தட்டிவிடாதீர்கள். முதலில் உள்ளே இருப்பதை இரண்டு இடங்களில் நகலெடுங்கள். கடகடவென்று சத்தம் கேட்டால் உடனே நிறுத்திவிட்டு, தகவல் மீட்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

இடம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அடுத்த வாரம் சந்திப்போம்.