மேலதிகாரிகளின் பாடசாலை

ஒரு ஸ்தாபனம் ஐம்பது அறுபது ஆண்டுகள் நிலைபெற்று, அதன் பெயரைச் சொன்ன அளவிலேயே வங்கிகள் கடன் கொடுக்கவும் இளைஞர்கள் வேலை கேட்டு வரிசையில் நிற்கவும் செய்யும் நிலையை எய்திவிட்டால், அதன் உச்சியில் அமர்ந்திருப்போர் பெரும்பாலும் அங்கேயே முப்பது ஆண்டுகள் படிப்படியாக உயர்ந்து வந்தவர்களாகவே இருப்பார்கள். அவர்களுடைய அனுபவம் அந்த ஸ்தாபனத்தின் பெருஞ்செல்வம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் நாளடைவில் அவ்வனுபவமே, எதைக் கேட்டாலும் ‘இங்கே வழக்கம் இதுதான்’ என்று விடை சொல்லும் சம்பிரதாயமாக இறுகிப்போவதும் உண்டு. அத்தகைய மூத்த நிர்வாகிகளுக்கென்றே, அவர்கள் ஸ்தாபனத்தின் தேவைகளை முன்கூட்டி விசாரித்தறிந்து, தனிப் பாடத்திட்டம் வகுத்துக் கற்பிக்கும் முறை நம் நாட்டு நிர்வாகக் கல்விக்கூடங்களில் இன்று பரவலாகி வருகிறது. ஐம்பது வயதைக் கடந்து, பலருக்கு ஆணையிட்டுப் பழகிய ஒருவர் மறுபடியும் மாணவராக அமர இசைவதை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் அந்த வகுப்பு எவ்விடத்தில் நடக்கிறது, ஆசிரியர் ஸ்தானத்தில் யார் இருக்கிறார் என்னும் இரண்டையும் பொறுத்தே அதன் பலன் அமையும் என்பது என் துணிபு.

இந்த யோசனை நமக்குப் புதியதன்று. 1600இல் லண்டனில் தோன்றிய கிழக்கிந்தியக் கம்பெனி, தன் வாழ்வில் இரண்டு நூற்றாண்டுகளைக் கடந்த பின்னர், தன் உத்தியோகஸ்தர்கள் தாங்கள் வரி வசூலிக்கும் மக்களின் பாஷையை அறியாதிருப்பது நிர்வாகத்துக்கே கேடு என்று கண்டு, 1812இல் எல்லிஸ் என்பவரின் முயற்சியால் சென்னையில் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியை நிறுவியது. அங்கே ஆளவந்தவர்கள் மாணவர்கள். தாண்டவராய முதலியாரைப் போன்ற தமிழ்ப் புலவர்கள் ஆசிரியர்கள். கம்பெனியின் ஆட்சியைப் போற்றும் எண்ணம் எனக்கு இல்லை. எனினும், அதிகாரம் படைத்தவன் தன் அதிகாரத்துக்கு உட்பட்டவனிடமே உட்கார்ந்து படிக்க வேண்டும் என்று விதித்த அந்த ஏற்பாட்டை மறந்துவிடலாகாது. பிற்காலத்தில் இங்கிலாந்தில், நிலக்கரி வாரியத்தின் கல்விப் பொறுப்பை ஏற்ற ரெக் ரெவன்ஸ் என்பார், சுரங்க நிர்வாகிகளுக்குப் பேராசிரியர்களைக் கொண்டு பிரசங்கம் செய்விப்பதைக் காட்டிலும், அவர்களைச் சிறு சிறு குழுக்களாகக் கூட்டி, ஒருவர் சுரங்கத்தின் இடர்ப்பாட்டை மற்றவர் கேட்டும் கண்டும் ஆராயும்படி செய்வதே மேல் என்று கண்டார். நம் நாட்டிலும் 1956இல் ஹைதராபாத்தில் நிர்வாக அலுவலர் கல்லூரி நிறுவப்பட்டு, அரசாங்க அதிகாரிகளும் தனியார் ஆலைகளின் மேலாளர்களும் ஒரே குழுவில் அமர்ந்து விவாதித்துக் கற்கும் முறை வேரூன்றியது.

ஆயினும் இவ்விஷயத்தில் தமிழ்நாடு காட்டிய உதாரணமே எனக்கு மிகுந்த நம்பிக்கை அளிக்கிறது. 1911இல் மதுரையில் டி.வி.சுந்தரம் ஐயங்கார் தொடங்கிய டி.வி.எஸ். குடும்பத்தின் கிளையாகிய சுந்தரம் கிளேட்டன், சென்னைப் பாடியில் வாகனங்களுக்கான பிரேக் கருவிகளைச் செய்துவந்தது. அந்நிறுவனத்தார் யோஷிகாஸு ட்சுடா என்னும் ஜப்பானியப் பேராசிரியரை வரவழைத்து, தங்கள் ஆலையின் நடுவிலேயே அவரிடம் தர நிர்வாகம் பற்றிப் பாடம் கேட்டனர். தரம் பற்றிய இக்கல்வியின் மூலபுருஷராகிய டெமிங், இரண்டாம் உலக யுத்த காலத்தில் அமெரிக்கப் பொறியாளர்களுக்குப் பயிற்சி அளித்தபோது, மேலிடத்தார் அதைக் கற்காத காரணத்தால் அது வேர்பிடிக்காமல் போனதைக் கண்டு மனம் நொந்தவர். ஆதலால் 1950இல் ஜப்பானுக்குச் சென்றபோது, பொறியாளர்களோடு நில்லாமல், கம்பெனித் தலைவர்களையே கூட்டிவைத்துக் கற்பித்தார். அடுத்த ஆண்டு அவர் பெயரால் ஜப்பானில் ஏற்படுத்தப்பட்ட பரிசுக்கு விண்ணப்பிக்கும் நிறுவனத்தில், பரிசோதகர்கள் ஆலைக்கே நேரில் வந்து தலைவரையும் தொழிலாளியையும் விசாரிப்பார்கள். ஒரு பழுது ஏன் நேர்ந்தது என்ற கேள்விக்கு, அபிப்பிராயத்தைச் சொன்னால் போதாது, பதிவேட்டில் உள்ள அளவுகளைக் காட்டியாக வேண்டும். அந்தப் பரிசை 1998இல் இந்தியாவிலேயே முதலாவதாகச் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு பெற்றது; 2002இல் டி.வி.எஸ். மோட்டாரும், 1929இல் பிறந்த ரானே குழுமத்தின் பிரேக் லைனிங் நிறுவனமும் அதற்கு அடுத்த ஆண்டில் பெற்றன. பழமையான ஸ்தாபனங்கள் தாமே இவை? அங்கே மேலதிகாரிகள் படித்த படிப்புக்குச் சான்றிதழ் சுவரில் தொங்கவில்லை; ஆலையிலிருந்து வெளியேறும் பண்டத்தில் தெரிந்தது.

இனி எங்கள் ஊர்ப் பக்கம் வருகிறேன். ஹைதராபாத் கல்லூரி பிறந்த அதே 1956இல் பிறந்தது, எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கும் ஸ்தாபனமாகிய ஓ.என்.ஜி.சி. அதன் காவிரிப் பிரிவின் அலுவலகம் காரைக்காலை அடுத்த நிரவியில் இருக்கிறது. அதன் உயரதிகாரிகள் பயில்வதற்கு டேராடூனில் சொந்தப் பயிற்சிக் கழகமே உண்டு. இவ்வளவு வசதி படைத்த ஸ்தாபனம் தன் மூத்த தலைவர்களின் பாடத்திட்டத்தில் சில நாட்களைக் காரைக்கால் வட்டாரத்தில் உள்ள எங்கள் நெடுங்காட்டுக்கு ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். 2017இல் கதிராமங்கலத்தில் அந்த ஸ்தாபனத்தின் எண்ணெய்க் குழாய் கசிந்து ஜனங்கள் கொதித்தெழுந்ததையும், 2020இல் தமிழக அரசு வேளாண் மண்டலச் சட்டம் இயற்றிப் புதிய துரப்பணத்தைத் தடுத்ததையும், புதுவை ஆட்சிக்கு உட்பட்ட காரைக்கால் அச்சட்டத்தின் எல்லைக்கு வெளியே நிற்பதையும் அறிந்தவர்களுக்கு, இவ்வேண்டுகோளின் அவசரத்தை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இங்கே என்ன கற்கலாம் என்று கேட்பீர்களாயின், ஒன்றைச் சொல்கிறேன். துரப்பண மேடைக்கு லாரி போவதற்காக வயலின் ஊடே மண் கொட்டிப் பாதை உயர்த்துகிறார்கள். அதன் குறுக்கே போகும் சிறு வடிகாலுக்கு ஒரு சிமெண்டுக் குழாய் பதிக்கிறார்கள். அந்தக் குழாயின் விட்டம் எஸ்டிமேட்டில் ஒரு வரி. கடலை நோக்கிய சரிவே கண்ணுக்குப் புலப்படாத இந்தச் சமநிலத்தில் அந்தக் குழாய் ஒரு சாண் குறுகிவிட்டால், ஐப்பசி அடைமழையில் மேலண்டை வயல்களில் தண்ணீர் நாட்கணக்கில் தேங்கி, நட்டுக் கொஞ்ச நாளே ஆன சம்பாப் பயிர் வேரழுகிப் போகும். அந்த வரியில் கையெழுத்திடும் அதிகாரி, கணுக்கால் சேற்றில் நின்று அந்த வடிகாலைப் பார்த்தவராக இருக்க வேண்டாமா? உச்ச நீதிமன்றம் 2018இல் உறுதிசெய்த 7 டி.எம்.சி. காவிரித் தண்ணீரையே நம்பியிருக்கும் காரைக்காலில், கடைமடை விவசாயிக்கு வருகிற நீரும் வேண்டும், மிஞ்சிய நீர் வடியவும் வேண்டும். மதகு திறக்கும் லஸ்கரும், நாற்று நடும் பெண்களும், நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு நஷ்ட ஈட்டுக்கு மனுக் கொடுத்துக் காத்திருக்கும் முதியவரும் இவ்வகுப்புக்கு ஆசிரியர்களாக வரட்டும். வரும் நாளுக்கான கூலியை, சன்மானம் என்ற மரியாதையோடு, ஸ்தாபனமே கொடுக்கட்டும்.

இடத்துக்குக் குறைவில்லை. நெடுங்காட்டை ஒட்டிய செருமாவிலங்கையில் பண்டித ஜவஹர்லால் நேரு வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. மண்ணையும் நீரையும் அளந்து காட்டும் விற்பன்னர்கள் அங்கே இருக்கிறார்கள். உயரதிகாரிகள் ஐப்பசியில் ஒரு முறை வரட்டும். தங்கள் பொறுப்பில் உள்ள கிணறு, குழாய், பாதை இவற்றில் ஒன்றைத் தேர்ந்துகொண்டு, அதனால் வயலுக்கு நேரும் சங்கடத்தைத் தாங்களே அளந்து எழுதட்டும். மறுபடியும் தை அறுவடைக்குப் பின் வந்து, எதை மாற்றினோம், எவ்வளவு செலவாயிற்று, எதை மாற்ற முடியவில்லை, ஏன் முடியவில்லை என்பதை அதே விவசாயிகளின் முன்னிலையில், தமிழில், மொழிபெயர்ப்பாளர் துணையோடேனும் சொல்லட்டும்; பயிற்சியில் தேறினார்களா என்பதை அந்தச் சபையில் இருப்பவர்களும் மதிப்பெண் இட்டுச் சொல்லலாம்.