சேனல் அப்புறம், முதல்ல ஒரு ரூம்

மாமல்லபுரம் போன யாருமே அர்ச்சுனன் தபசு முன்னாடி நின்னு ஒரு போட்டோ எடுக்காம வந்திருக்க மாட்டோம். அடுத்த தடவை போனா, பெரிய யானைக்குப் பக்கத்துல கீழே பாருங்க. ஒரு பூனை பின்னங்கால்ல நின்னு, முன்னங்கால் ரெண்டையும் தலைக்கு மேல தூக்கித் தவம் பண்ணிக்கிட்டு இருக்கும். மேலே எலும்பும் தோலுமா ஒற்றைக்காலில் நிற்கிற தபசியை அப்படியே இமிடேட் பண்ணுது. அதன் காலடியில் எலிகள். 7-ஆம் நூற்றாண்டில் யாரோ ஒரு சிற்பி பாறையில் செதுக்கி வைத்த ஜோக் அது. போலிச் சாமியார் ஜோக் என்பதால் இன்னும் எக்ஸ்பைரி ஆகவில்லை.

அந்த ஊருக்குப் பெயர் கொடுத்த மாமல்லனின் அப்பா மகேந்திரவர்மன், 'மத்தவிலாசப் பிரகசனம்' என்று சமஸ்கிருதத்தில் ஒரு காமெடி நாடகமே எழுதியிருக்கிறார். கதை நடப்பது காஞ்சிபுரத்தில். குடித்துவிட்டுத் திரியும் ஒரு காபாலிகன் தன்னுடைய கபால ஓட்டைத் தொலைத்துவிட்டு, "நீதான் எடுத்த" என்று ஒரு பௌத்த பிக்குவிடம் சண்டைக்குப் போகிறான். கடைசியில் பார்த்தால் ஓட்டைத் தூக்கிக்கொண்டு ஓடியது ஒரு நாய். நடுவில், காசு இருக்கிறவன் நீதிமன்றத்தையே வளைச்சிடுவான் என்று ஒரு குத்தும் இருக்கிறது. தன் ஆட்சியில் நடக்கும் கோர்ட்டைத் தானே கலாய்க்க ராஜாவால் முடியும். அவரை சென்சார் பண்ண மேலே யார் இருக்கா?

நமக்கு ராஜ்ஜியம் கிடையாது. அப்படி இருக்கும்போது, யார் தயவும் இல்லாமல், நினைத்ததைச் சொல்லி நாலு பேரைச் சிரிக்க வைக்க என்ன வேண்டும்? இன்னிக்கு ஹாஸ்டலில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "யூடியூப் சேனல் ஆரம்பி மச்சி." டிவி வேணாம், சினிமா வேணாம், ஒரு போன் போதும்.

இந்தப் பதில் பாதிதான் சரி என்பது என் கருத்து. சேனல் என்பது ஒரு லவுட்ஸ்பீக்கர். அதில் பேச வேண்டிய விஷயம் தயாராவது ஒரு சின்ன ரூமிலும், ஊர் ஊராகப் போகிற ரோட்டிலும்தான். அந்த ரூமும் ரோட்டும் நம்ம பக்கத்தில் இல்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நம்ம செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமங்களில் இதற்கு ஒரு பழைய மாடல் உண்டு. தெருக்கூத்தில் வரும் கட்டியங்காரன். ராஜா வருவதை அறிவிப்பது அவன் வேலை. ஆனா அறிவிச்சிட்டு ஓரமா நிற்க மாட்டான். "யாருய்யா நீ, எந்த ஊரு?" என்று ராஜாவையே நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்பான். மகாபாரதம் நடந்துகொண்டிருக்கும்போதே அந்த ஊர் ரேஷன் கடை, தண்ணி பிரச்சினை எல்லாம் அவன் வாயில் வந்துவிடும். திரௌபதி அம்மன் கோயில் திருவிழா சீசனில் கூத்து ஜமா ஊர் ஊராகப் போகும். ராத்திரி ஆரம்பித்தால் விடியும் வரை ஆட்டம். பேசி முடித்த பணத்தை ஊரே கொடுக்கும். நடுவில் ஸ்பான்சரும் இல்லை, எடிட்டரும் இல்லை. ஜோக் எடுபட்டதா என்று தெரிந்துகொள்ள அனலிட்டிக்ஸ் பார்க்க வேண்டாம். எதிரில் பாய் விரித்து உட்கார்ந்திருப்பவர்கள் சிரிக்கிறார்களா, தூங்குகிறார்களா என்று பார்த்தால் போதும்.

நம்ம அண்ணன்மார் காலத்தில் ரூட்டே வேற. கல்ச்சுரல்ஸில் மிமிக்ரி, அடுத்து டிவி, அடுத்து சினிமா. திருச்சியில் இன்ஜினியரிங் படித்த சிவகார்த்திகேயன், விஜய் டிவியின் 'கலக்கப்போவது யாரு'வில் ஜெயித்து, தொகுப்பாளராகி, ஹீரோ ஆனது இந்த ரூட்டில்தான். இந்த ரூட்டை நான் குறை சொல்லவில்லை. அப்பா அம்மா யாரும் இண்டஸ்ட்ரியில் இல்லாத பசங்களுக்குக் கதவு திறந்துவிட்டது அந்த மேடைதான். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. டிவியில் என்ன ஜோக் சொல்லலாம், எது கட் ஆகணும், ஜட்ஜ் முகத்தை எப்போ காட்டணும் எல்லாமே வேற யாரோ முடிவு பண்ணுவாங்க. குடும்பத்தோடு பார்க்கிற நிகழ்ச்சி என்பதால் சாதி, மதம், அரசியல் மூன்றும் வாசலிலேயே நின்றுவிடும். மிச்சம் இருப்பது மனைவி ஜோக்கும் நடிகர் குரலும்.

சரி, டிவியை விட்டு வெளியே வந்தாச்சு. அடுத்து? இங்கதான் ஜோக் என்கிற பொருள் எப்படித் தயாராகிறது என்று கொஞ்சம் பார்க்கணும். நாம இன்ஜினியர்ஸ், ப்ராசஸ் தெரிஞ்சுக்கறது நல்லது.

ஒரு ஸ்டாண்ட்-அப் காமெடியன் ஒரு மணி நேர ஷோவை ரூமில் உட்கார்ந்து எழுதி முடிப்பதில்லை. ஐந்து ஐந்து நிமிடமாக ஓப்பன் மைக்கில் போய்ச் சொல்லிப் பார்ப்பார். பத்து ஜோக்கில் ஏழு ஊத்திக்கும். மிச்சம் மூன்றை வார்த்தை வார்த்தையாக மாற்றி, அடுத்த வாரம் திரும்பச் சொல்லுவார். எந்த இடத்தில் நிறுத்தினால் சிரிப்பு வருகிறது என்பது கேட்பவர்கள் முன்னால் நின்றால்தான் தெரியும். லேபில் டெஸ்ட் பண்ணாத ப்ராடக்டை நேரா மார்க்கெட்டில் விட்டால் என்ன ஆகும்? நாம் எடுக்கிற முதல் ரீல்ஸ் மாதிரி ஆகும்.

இன்னொரு விஷயமும் இருக்கு. பாட்டு கேட்கக் கேட்கப் பிடிக்கும். கச்சேரிக்குப் போனால் தெரிந்த பாட்டைத்தான் பாடச் சொல்லிக் கேட்போம். ஜோக் அப்படி இல்லை. ஒரு தடவை ஆன்லைனில் போட்டுவிட்டால், டிக்கெட் வாங்கி வருகிறவருக்கு அது பழசு. அதனால் ஒரு காமெடியன் அப்லோட் பட்டனை அழுத்தும் நிமிடத்தில், ஒரு வருஷம் உழைத்துச் செய்த சரக்கைச் செலவழித்துவிடுகிறார். ரெடியாகாத சரக்கை வாரம் ரெண்டு தடவை செலவழித்தால் ஆறு மாதத்தில் கையில் ஒன்றும் இருக்காது. ஆரம்பித்த வேகத்தில் பாதியில் நின்றுபோன சேனல்கள் ஒவ்வொரு டிபார்ட்மென்ட்டிலும் ரெண்டு மூன்று இருக்கே, காரணம் சோம்பேறித்தனம் மட்டும் இல்லை.

அதனால்தான் பயணம். பரனூர் டோல்கேட் பற்றி ஒரு ஜோக் சொன்னால் செங்கல்பட்டில் கைதட்டல் நிச்சயம். பொங்கல் முடிந்து ஊர் திரும்பும்போது அங்கே வண்டியில் உட்கார்ந்து வெந்தவர்கள்தானே எல்லாரும். அதே ஜோக்கை மதுரையில் சொல்லணும்னா? 'பரனூர்' என்பதை எடுத்துவிட்டு 'கப்பலூர்' என்று போட்டால் வேலை முடியாது. அங்கே கோபம் வேற மாதிரி, திட்டுகிற வார்த்தையும் வேற. பரனூரில் நிஜமாகவே எதைப் பார்த்துச் சிரித்தோம், வரிசையையா, கட்டணத்தையா, இல்லை ஹாரன் அடித்தால் கேட் திறக்கும் என்று நம்பும் நம்மையா என்று யோசிக்க வேண்டியிருக்கும். அப்படி யோசித்து மாற்றிய ஜோக் எந்த ஊருக்கும் போகும். பயணம் பண்ணுகிற காமெடியனுக்கு ஊர் மாறும்போதெல்லாம் இந்தப் பரீட்சை நடக்கிறது. காசிமேடு குரலும் காரைக்குடி குரலும் காதில் விழாமல் கேரக்டர் எழுத முடியாது.

இதற்கு நல்ல உதாரணம் அலெக்ஸாண்டர் பாபு. ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர். அமெரிக்காவில் சாஃப்ட்வேர் வேலை பார்த்தவர். நம்ம வீட்டில் 'செட்டில் ஆகிறது' என்று எதைச் சொல்கிறார்களோ, அதை முடித்துவிட்டு மேடைக்கு வந்தவர். அவருடைய 'அலெக்ஸ் இன் வொண்டர்லேண்ட்' தமிழ் சினிமாப் பாட்டுகளையும் பாடகர்களையும் வைத்துப் பின்னிய ஷோ. பாட்டும் பாடுவார், கதையும் சொல்லுவார். அமேசான் பிரைமில் வருவதற்கு முன்பே அது மேடை மேடையாகப் போய் வந்துவிட்டது. அதாவது முதலில் ரோடு, அப்புறம் ஸ்க்ரீன். ஓடிடி கம்பெனி வாங்கும்போது பொருள் ஏற்கெனவே தயார். "இதை மாத்து, அதைச் சேர்" என்று வேறு யாரும் சொல்ல அதிக இடம் இல்லை. சுதந்திரம் என்று நான் சொல்வது இந்தப் பேரம் பேசும் பலத்தைத்தான்.

"அப்போ பரிதாபங்கள்?" என்று நீங்க கேட்பது காதில் விழுது. கோபி, சுதாகர் ரெண்டு பேரும் 'மெட்ராஸ் சென்ட்ரல்' சேனலில் இருந்து வெளியே வந்து சொந்தமாக ஆரம்பித்த சேனல் அது. படம் எடுக்க ரசிகர்களிடமே பணம் திரட்டியவர்கள். டிவி தொடவே தொடாத விஷயங்களை அவர்கள் தொட்டார்கள். 2025-ல் சாதிப் பெருமை பேசுபவர்களைக் கலாய்த்து 'சொசைட்டி பாவங்கள்' போட்டதும் போலீஸில் புகார் போகிற அளவுக்குச் சூடு கிளம்பியது. எந்த டிவியின் காமெடி ஷோவிலும் அந்த ஸ்கிரிப்ட் முதல் மீட்டிங்கைத் தாண்டியிருக்காது. இந்த விஷயத்தில் யூடியூபுக்கு ஒரு பெரிய கும்பிடு.

ஆனா அதே சேனல்தான் 2024 செப்டம்பரில், திருப்பதி லட்டு விவகாரம் ஓடிக்கொண்டிருந்தபோது 'லட்டு பாவங்கள்' போட்டது. எதிர்ப்பு வந்ததும் வீடியோவை எடுத்துவிட்டு வருத்தம் தெரிவிக்க வேண்டியதாயிற்று. அவ்வளவு பெரிய சேனலுக்கே இந்த நிலைமை என்றால், 400 சப்ஸ்கிரைபர் வைத்திருக்கிற நமக்கு? போனில் பேசும்போது கேட்பது யார் என்று தெரியாது. பத்து செகண்டை வெட்டி, எங்கேயோ இருக்கிற கோபக்காரரிடம் கொண்டு சேர்த்துவிடலாம். ரூமில் இருப்பவர்களுக்கு முன்னாடி பின்னாடி என்ன சொன்னாய் என்று தெரியும். பிடிக்கவில்லை என்றால் அங்கேயே சொல்லுவாங்க, பேசித் தீர்த்துக்கலாம்.

ரூமும் முழுப் பாதுகாப்பு இல்லை என்பதையும் சொல்லிவிடணும். நம்ம கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் தாண்டித் தெற்கே போனால் விழுப்புரம் மாவட்டம். மும்பைக் காமெடியன் குணால் கம்ரா 2021 முதல் அந்த மாவட்டவாசி. 2025 மார்ச்சில் அவருடைய 'நயா பாரத்' வீடியோ வெளியானதும், அது படமாக்கப்பட்ட மும்பை 'ஹேபிடட்' அரங்கத்தைச் சிவசேனாக் கட்சிக்காரர்கள் அடித்து நொறுக்கினார்கள். அவர் தமிழ்நாட்டில் வசிப்பவர் என்பதால் முன்ஜாமீன் கேட்டு வந்தது நம்ம சென்னை உயர் நீதிமன்றத்துக்கு. இடைக்கால நிவாரணமும் கிடைத்தது. கவனியுங்க, வீடியோ இருந்தது யூடியூபில். உடைந்தது ரூம். சர்வரை யாராலும் கட்டையால் அடிக்க முடியாது, நாற்காலியை அடிக்கலாம். கோபக்காரர்களுக்கே ரூமின் மதிப்பு தெரிந்திருக்கிறது.

ஒரு நியாயமான எதிர்வாதம் இருக்கு. 500 ரூபாய் டிக்கெட் எடுத்து வருகிற கூட்டம், ஏசி அரங்கம், பாதி இங்கிலீஷ். அதுவா சுதந்திரம்? மதுராந்தகத்தில் ஓசியில் யூடியூப் பார்க்கிற பையனுக்கு இந்த ரூமால் என்ன லாபம்? கேள்வி சரியானது. என் பதில், ரூமை அவன் இருக்கிற இடத்துக்குக் கொண்டுவரணும் என்பதுதான். கட்டியங்காரனுக்கு ஏசி தேவைப்படவில்லை.

இங்கே மொழியும் வருது. என்னை மாதிரி இங்கிலீஷ் மீடியம் பசங்க காமெடி எழுதினால் செட்-அப் இங்கிலீஷில் இருக்கும், பஞ்ச் மட்டும் தமிழில் இருக்கும். கிளாஸில் ஒர்க் அவுட் ஆகும். மெஸ் அண்ணாவிடமும் பஸ் டிரைவரிடமும் சொன்னால் ஆகாது. கேட்கும் ஆள் மாறாதவரை நம்ம தமிழும் மாறாது. திருக்கழுக்குன்றத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஐந்து நிமிடம் பேசி, யாரும் சிரிக்காமல் இறங்கி வந்தால், எந்தத் தமிழ் கிளாஸிலும் கிடைக்காத பாடம் கிடைக்கும்.

அதனால் என் யோசனை இது. தாம்பரத்தில் இருந்து செங்கல்பட்டு வரை ஜிஎஸ்டி ரோட்டில் இத்தனை காலேஜ் இருக்கு, கடற்கரைப் பக்கம் இன்னும் சில. ஒவ்வொன்றிலும் சாயங்காலம் காலியாகக் கிடக்கும் கிளாஸ்ரூம் உண்டு. மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஒரு ரூம், ஒரு மைக், ஆளுக்கு ஐந்து நிமிடம். போன் எல்லாம் பையில். ரெக்கார்டிங் கிடையாது. ஊத்திக்கிற உரிமை எல்லாருக்கும் உண்டு. அடுத்த மாதம் அடுத்த காலேஜ். தேறின ஐந்தாறு பேர் ஆறு மாதம் கழித்து காலேஜ் கேட்டுக்கு வெளியே, செங்கல்பட்டிலோ கல்பாக்கத்திலோ ஒரு சின்ன மண்டபத்தில், 50 ரூபாய் டிக்கெட்டில் நிற்கட்டும். கல்ச்சுரல்ஸுக்கு ஒரு செலிபிரிட்டியை அழைத்து வந்து 20 நிமிடம் கை அசைக்க வைக்கும் செலவில், இதை வருஷம் முழுக்க நடத்தலாம்.

நிர்வாகத்திடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று. "ஸ்கிரிப்டை முன்னாடியே காட்டு" என்று கேட்காதீங்க. ரூல்ஸ் சொல்லிடுங்க, மீறினால் கேளுங்க. ஐந்து நிமிடப் பேச்சுக்கு மூன்று கையெழுத்து வாங்குகிற இடத்தில் மிமிக்ரி மட்டும்தான் வளரும்.

பிளேஸ்மென்ட் சீசனில் இது எதற்கு என்று சிலர் கேட்பீங்க. இங்கே எல்லாரும் காமெடியன் ஆகணும்னு நான் சொல்லவே இல்லை. பத்து வருஷம் கழித்து ஒரு மீட்டிங்கில் மேனேஜர் சொல்வது தப்பு என்று சிரித்த முகத்தோடு சொல்லத் தெரிந்தால் போதும். அது எந்த ஆப்டிட்யூட் கோச்சிங்கிலும் இல்லை.

ஆர்வம் இருக்கிறவங்க இந்த இதழின் ஆசிரியர் குழுவிடம் பெயர் கொடுங்க. முதல் ஐந்து நிமிடத்துக்கு என் பெயரை ஏற்கெனவே எழுதிக் கொடுத்தாச்சு. சிரிப்பு வரலைன்னா சிரிக்காதீங்க. அதுதான் நீங்க செய்யற உதவி.