பார்க்கக் கற்றுக்கொள்ள ஒரு சங்கம்

நம் ஊர்களில் சங்கங்களுக்குக் குறைவில்லை. நடிகர்களுக்கு ரசிகர் மன்றம் இருக்கிறது. வியாபாரிகளுக்குச் சங்கம் இருக்கிறது. மாதர் சங்கம் இருக்கிறது. திருவிழா நடத்தக் கமிட்டி இருக்கிறது. ஆனால், “சிற்பத்தையும் சித்திரத்தையும் பார்க்கக் கற்றுக்கொள்ள ஏதாவது சங்கத்தில் சேர்ந்திருக்கிறீர்களா?” என்று கேட்டுப் பாருங்கள். பலர் சிரிப்பார்கள். “பார்ப்பதற்குப் பாடம் எதற்கு? கண் இருந்தால் போதாதா?” என்பார்கள்.

கண் மட்டும் இருந்தால் போதாது என்பதற்கு நம் நாட்டிலேயே அத்தாட்சி இருக்கிறது.

ஆக்ஸ்போர்டு போன ஆழ்வார்

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் சுந்தரப்பெருமாள் கோயில் என்று ஓர் ஊர். அங்கே சௌந்தரராஜப் பெருமாள் ஆலயத்தில் திருமங்கை ஆழ்வாரின் வெண்கலச் சிலை ஒன்று இருந்தது. கையில் வாளும் கேடயமும் ஏந்திய அழகான சிலை. 1957ஆம் ஆண்டு அதை அந்தக் கோயிலிலேயே படம் பிடித்திருக்கிறார்கள். அந்தப் படம் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் பத்திரமாக இருக்கிறது.

பத்து ஆண்டு கழித்து, 1967இல், அதே சிலை லண்டன் நகரில் ஏலத்துக்கு வந்தது. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அஷ்மோலியன் அருங்காட்சியகம் அதை விலை கொடுத்து வாங்கிக் காட்சிக்கு வைத்தது.

2019இல் ஆராய்ச்சியாளர் ஒருவர் பழைய படத்தையும் அருங்காட்சியகத்துச் சிலையையும் ஒப்பிட்டுப் பார்த்து, இரண்டும் ஒன்றே என்று கண்டார். அருங்காட்சியகமே இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் கொடுத்தது. 2024இல் சிலையைத் திருப்பித் தரப் பல்கலைக்கழகம் சம்மதித்தது.

இதில் நெஞ்சை வருத்தும் செய்தி ஒன்று உண்டு. கோயிலில் இருக்கும் சிலை போலி என்று தமிழகச் சிலைத் திருட்டுத் தடுப்புப் போலீசார் கூறினார்கள். அப்படியானால் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக எத்தனை பேர் அதன் முன் விளக்கு ஏற்றியிருப்பார்கள்! எத்தனை குழந்தைகளைத் தூக்கிக் காட்டியிருப்பார்கள்! ஒருவர் கண்ணுக்கும் வேற்றுமை தெரியவில்லை.

இது பக்தர்களின் குற்றமா? ஒருபோதும் இல்லை. பக்தர்கள் கும்பிட வந்தார்கள், மனமாரக் கும்பிட்டார்கள். அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அந்தச் சிலையில் எதைக் கவனிக்க வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. அதுதான் குறை.

பூட்டிய கோயில்

இன்னொரு சம்பவத்தையும் கேளுங்கள். அரியலூர் மாவட்டத்தில் ஸ்ரீபுரந்தான் என்ற கிராமம். அங்கே சோழர் காலத்துச் சிவன் கோயில் கேட்பாரற்றுப் பூட்டிக் கிடந்தது. அதற்குள் இருந்த நடராஜரைத் திருடர்கள் கொண்டுபோய்விட்டார்கள். 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் அந்தச் சிலையைச் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. பழைய புகைப்படமும், சிலைகளை ஆசையோடு பார்த்துப் பழகிய சிலரின் விடாமுயற்சியும்தான் உண்மையை வெளிக்கொண்டு வந்தன. 2014 செப்டம்பரில் நடராஜர் இந்தியாவுக்குத் திரும்பி வந்தார்.

இந்த இரண்டு சம்பவங்களிலும் போலீஸ் உண்டு, சட்டம் உண்டு. ஆனால் அவற்றுக்கு முன்னால் ஒன்று தேவைப்பட்டது. அது, “இது அதுதான்” என்று சொல்லக்கூடிய பழகிய கண்.

இங்கிலாந்தில் நடப்பது என்ன?

நம் ஆழ்வார் போய்ச் சேர்ந்த அதே இங்கிலாந்தில், பழகிய கண்ணை உண்டாக்குவதற்கென்றே ஊருக்கு ஊர் சங்கம் வைத்திருக்கிறார்கள். 1968இல் பட்ரீசியா ஃபே என்ற அம்மையாரின் முயற்சியால், உள்ளூர்ச் சங்கங்கள் சில ஒன்றுகூடி ஒரு கூட்டமைப்பை அமைத்தன. 2017 முதல் அதற்கு ‘தி ஆர்ட்ஸ் சொசைட்டி’ என்று பெயர். நூற்றுக்கணக்கான ஊர்களில் அதன் கிளைகள் உள்ளன.

அவர்கள் செய்வது மிகவும் எளிய காரியம். அங்கத்தினர்கள் ஆண்டுச் சந்தா கட்டுகிறார்கள். மாதம் ஒருமுறை ஊர் மண்டபத்தில் கூடுகிறார்கள். விஷயம் தெரிந்த ஒருவர் வந்து, திரையில் படம் காட்டி, ஒரு மணி நேரம் பேசுகிறார். ஒரு மாதம் ஓவியம். அடுத்த மாதம் கட்டடம். பிறகு பீங்கான், நெசவு, நகை. வருகிறவர்களில் பெரும்பாலோர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். பரீட்சை கிடையாது, பட்டம் கிடையாது.

இத்துடன் நின்றிருந்தால் இதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் 1970களில் அந்த அங்கத்தினர்கள் வேறொரு வேலையிலும் இறங்கினார்கள். தங்கள் ஊர் மாதா கோயில்களுக்குப் போனார்கள். அங்குள்ள வெள்ளிப் பாத்திரம், மரவேலை, கல்வேலை, கண்ணாடி ஜன்னல், திரைச்சீலை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, அளந்து, படம் பிடித்து எழுதி வைத்தார்கள். ஒரு பொருள் காணாமற்போனால், “எங்களுடையதுதான்” என்று காட்ட இப்போது அவர்கள் கையில் ஏடு இருக்கிறது.

கவனியுங்கள்: முதலில் கேட்டார்கள். கேட்டதனால் பார்க்கக் கற்றார்கள். பார்த்ததை எழுதினார்கள். எழுதியது காவலாயிற்று.

ஒரு மணி நேரத்தில் என்ன தெரியும்?

“ஒரு சொற்பொழிவில் என்ன தெரிந்துவிடும்?” என்று கேட்கலாம். வெண்கலச் சிலையையே எடுத்துக்கொள்ளுங்கள். சுவாமிமலை ஸ்தபதிகள் முதலில் மெழுகில் உருவம் செய்கிறார்கள். அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைக்கிறார்கள். பிறகு சூடு காட்டினால் மெழுகு உருகி ஓடிவிடுகிறது. அந்த வெற்றிடத்தில் காய்ச்சிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறியதும் மண் அச்சை உடைத்துவிடுகிறார்கள்.

அச்சை உடைத்துவிடுவதால் அதே அச்சில் மறு சிலை வார்க்க முடியாது. ஆகவே ஒவ்வொரு சிலையும் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். விரலின் வளைவிலோ, ஆபரணத்திலோ, பீடத்திலோ ஏதேனும் ஒரு வித்தியாசம் இருந்தே தீரும்.

நடராஜரின் மேல் வலக்கையில் உடுக்கை இருக்கும். மேல் இடக்கையில் நெருப்பு இருக்கும். வலக்கால் முயலகன்மேல் ஊன்றியிருக்கும், இடக்கால் தூக்கியிருக்கும். இவ்வளவு தெரிந்த பிறகு உங்கள் ஊர் நடராஜரை மறுபடி பாருங்கள். முயலகனின் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, சடை எப்படி விரிந்திருக்கிறது என்று கண் தானாகவே தேடும். அடுத்த முறை போகும்போது ஏதாவது மாறியிருந்தால் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

நம் நாட்டில் வழி இல்லையா?

உண்டு. சென்னையில் தமிழ்ப் பாரம்பரிய அறக்கட்டளை மாதச் சொற்பொழிவுகள் நடத்தி வந்திருக்கிறது. திருச்சியில் 1982இல் டாக்டர் மா. இராசமாணிக்கனார் வரலாற்றாய்வு மையம் தோன்றியது. அதை நடத்தி வந்த டாக்டர் கலைக்கோவன் தொழிலால் ஒரு கண் மருத்துவர் என்பது பொருத்தமே! இராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணியில் அரசுப் பள்ளி மாணவர்களே தொன்மைப் பாதுகாப்பு மன்றம் நடத்தியிருக்கிறார்கள். சங்கீதத்துக்கோ, சென்னை மியூசிக் அகாடமி 1928இல் தோன்றிய நாளிலிருந்து, கச்சேரியோடு காலை வேளை விளக்க உரைகளையும் நடத்தி வருகிறது.

ஆனால் இவை பெரும்பாலும் பெரிய நகரங்களில் உள்ளன. சிலையும் சித்திரமும் அதிகம் இருப்பதோ சின்ன ஊர்களில். காவல் இருக்கும் இடம் ஒன்று. பொருள் இருக்கும் இடம் வேறொன்று. இதுதான் நம்முடைய சங்கடம்.

பத்துக் குடும்பம் போதும்

ஆகவே, உங்கள் ஊரில் இப்படி ஒரு சங்கம் இருந்தால் தயங்காமல் சேருங்கள். உங்கள் சந்தா சிறிதாக இருக்கலாம். ஆனால் அதுதான் மண்டபத்தில் விளக்கு எரிய வைக்கிறது. சங்கம் இல்லாவிட்டால் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து தொடங்கலாம். இடத்துக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது. பேசுவதற்குச் சரித்திர ஆசிரியர், ஓவிய ஆசிரியர், ஸ்தபதி என்று பக்கத்திலேயே ஆட்கள் கிடைப்பார்கள். பேச்சு எளிய தமிழில் இருக்கட்டும். தாய்மார்கள் வரக்கூடிய நேரமாக இருக்கட்டும். எழுத்துக் கூட்டிப் படிப்பவரும் வெட்கப்படாமல் கேள்வி கேட்கட்டும். சிலையைப் பார்க்கப் படிப்பு தேவையில்லை, பொறுமைதான் தேவை.

“பொருளின் மதிப்பை ஊருக்கெல்லாம் சொன்னால் திருடன் வந்துவிடுவானே!” என்று சிலர் அஞ்சுகிறார்கள். இந்த அச்சத்தில் அர்த்தமில்லை. திருடனுக்கு மதிப்பு முன்பே தெரியும். அதனால்தான் ஸ்ரீபுரந்தானுக்கு வழி கேட்டுக்கொண்டு போனான். தெரியாமல் இருந்தவர்கள் நாம்தான்.

கோயிலுக்குப் பூட்டும் வேண்டும், காவலாளியும் வேண்டும். ஆனால் பூட்டை உடைக்கலாம், காவலாளி கண்ணயரலாம். ஊரே பார்த்துப் பழகிய ஒரு சிலையை யாருக்கும் தெரியாமல் மாற்றி வைப்பதுதான் மிகவும் கடினம். அந்தக் காவலுக்கு ஆகும் செலவு, மாதத்தில் ஒரு மாலை நேரம். அதைக் குடும்பத்தோடு கொடுக்க முடியாதா?