ஊக்கமருந்து என்றொரு சொல்

விளையாட்டுச் செய்திகளில் 'ஊக்கமருந்து' என்ற சொல்லை வெகுகாலமாகப் புழங்கி வருகிறோம். ஊக்கமுடைமைக்கென ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரின் மொழியில் அனபாலிக் ஸ்டீராய்டுக்கும் இப்பெயர் வாய்த்திருப்பது நமக்குச் சற்றே கூச்சமளிக்கிறது. ஆம்ஃபெட்டமின் போன்றவற்றுக்கு அது ஓரளவு பொருந்தலாம். ஸ்டீராய்டோ ஆண் ஹார்மோனைப் போலச் செய்யப்பட்ட வேதிப்பொருள். தசையைப் பெருக்கும், இதயத்தையும் ஈரலையும் கெடுக்கும். வளரிளம் பருவத்தில் எலும்பின் வளர்முனைகளை முன்னதாகவே மூடிவிடுவதால் வளர வேண்டிய உயரம்கூட நின்றுபோகும்.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்போர் கிழக்கு ஜெர்மனியின் கதையை அறிய வேண்டும். 1974இல் அந்நாடு 'அரசுத் திட்டம் 14.25' என்ற பெயரில் ஸ்டீராய்டு தருவதை இரகசியக் கொள்கையாகவே ஆக்கிற்று. ஆவணங்களில் அம்மாத்திரைகளுக்குத் 'துணைப் பொருள்கள்' என்று பெயர். பயிற்சியாளர்கள் பதின்வயதுப் பெண்களிடம் வைட்டமின் என்று சொல்லிக் கொடுத்தார்கள். 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் பெண்கள் நீச்சலின் 13 தங்கங்களில் 11ஐ அந்நாடு அள்ளிச் சென்றது.

ஹைடி கிரீகர் பதினாறு வயதில் அந்த நீல மாத்திரைகளை விழுங்கத் தொடங்கினார். 1986இல் மட்டும் அவருக்குத் தரப்பட்டது ஏறத்தாழ 2,600 மில்லிகிராம். அவ்வாண்டு ஸ்டுட்கார்ட்டில் குண்டு எறிதலில் ஐரோப்பியத் தங்கம் வென்றார். 1997இல் பாலின மாற்ற அறுவைக்குப் பின் ஆந்த்ரேயாஸ் ஆனார். தம் பாலினம் குறித்த குழப்பம் முன்பே இருந்ததை அவர் மறைக்கவில்லை. தாமே முடிவெடுக்கும் உரிமையை மாத்திரைகள் பறித்துக்கொண்டன என்பதே அவரது குறை. 2000இல் பெர்லின் நீதிமன்றம் விளையாட்டுத் துறைத் தலைவர் மான்ஃப்ரெட் எவால்டையும் மருத்துவர் ஹோப்னரையும் குற்றவாளிகள் என்றது. இருவருக்குமே நிறுத்திவைக்கப்பட்ட தண்டனைதான்.

அது சர்வாதிகாரம், இன்று யாரும் எவரையும் கட்டாயப்படுத்துவதில்லை, உடற்பயிற்சிக் கூடத்துப் பையன் தானே விரும்பி ஊசி போட்டுக்கொள்கிறான் என்று வாதிடலாம். இதை நம்மால் ஏற்க முடியவில்லை. 'சப்ளிமெண்ட்' என்ற பெயரில் என்ன தரப்படுகிறது என்று அறியாத பதினேழு வயதுக்காரனின் விருப்பத்தை விருப்பம் என்பது எங்ஙனம்? வெளியிலிருந்து ஹார்மோன் வந்து கொண்டிருக்கையில் உடல் தன் சுரப்பை நிறுத்திக்கொள்ளும். ஊசியை விட்டதும் சோர்வும் மனச்சோர்வும் பற்றிக்கொள்ளும். அவற்றிலிருந்து தப்ப மீண்டும் ஊசி. இந்தச் சுழற்சியைப் பற்றி விற்பவர் வாய் திறப்பாரா என்ன?

நஞ்சு என்றெழுதினால் மிகை என்பார்கள். வெறுமனே ஸ்டீராய்டு என்றால் ஆஸ்துமாவுக்கு மருத்துவர் தரும் வேறு வகையோடு குழம்பும். நீளமாக இருந்தாலும் பாதகமில்லை, அனபாலிக் ஸ்டீராய்டு என்றே நம் நாளிதழ்கள் எழுதட்டும்.