மலையேற வேண்டிய செய்தி

ஹிஜ்ரி 18-ஆம் ஆண்டையொட்டி ஷாம் நாடு நோக்கிச் சென்ற கலீஃபா உமர் (ரலி) அவர்கள், ஸர்க் என்னுமிடத்தில் கொள்ளைநோய்ச் செய்தி கேட்டு, தோழர்களுடன் கலந்தாய்ந்து மதீனாவுக்கே திரும்பினார்கள். நோயுள்ள ஊருக்குள் செல்வதையும், அங்கிருந்து வெளியேறுவதையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருந்ததை அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் நினைவூட்டினார்கள். நோயை முந்திக்கொண்டு செய்தி வந்தது.

இன்று அச்செய்தியைக் கணினி சுமக்கிறது. 2004-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் 2021 ஏப்ரலில் இணையத் தளமாக விரிந்தது. கிராமச் செவிலியர் அறிகுறியையும், மருத்துவர் தம் ஐயத்தையும், ஆய்வகம் முடிவையும் பதிகின்றனர். ஓரூரில் வயிற்றுப்போக்கு வழக்கத்தை மீறினால் அது கண்ணிற்படும். ஆயினும், கணினி வருமுன்னரே இதனை அஞ்சலட்டை கொண்டு செய்தவர்கள் வேலூர்க்காரர்கள்! 1980-களில் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் டி. ஜேக்கப் ஜான் குழுவினர், வட ஆற்காட்டின் அரசு, தனியார் மருத்துவமனைகளிடமிருந்து அட்டைகளைப் பெற்றுக் கணக்கிட்டு, அக்கணக்கை அம்மருத்துவமனைகளுக்கே மாத இதழாகத் திருப்பியனுப்பினர். கொடுத்தவனுக்குத் திரும்பி வரும் கணக்கே தொடர்ந்து வரும். மாறாக, மக்கள் தேடும் சொற்களைக் கொண்டே காய்ச்சலைக் கணிக்க 2008-இல் புறப்பட்ட கூகுள், 2012-13 குளிர்காலத்தில் ஏறத்தாழ இருமடங்கு மிகைத்துக் கூறி, 2015-இல் கணிப்பு வெளியிடுவதையே நிறுத்திற்று.

நம் கள்ளக்குறிச்சிக்கு வருவோம். 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அது தொற்றுநோயன்று, எனினும் பாடம் ஒன்றே. வாந்தி, வயிற்றுவலி, பார்வை மங்கல் என ஒரே பகுதியினர் அடுத்தடுத்து மருத்துவமனை ஏறுவதே அபாய மணியாகும். அந்நஞ்சு பல மணி நேரம் கழித்தே முழு வீரியம் காட்டும். அந்த மணி நேரமே உயிர் காக்கும் அவகாசம். அவ்வேளையில் சாராயம் காரணமன்று என்னும் மறுப்பும் வெளியாயிற்று. பதிவேடு எத்துணை விரைவாயினும், அதனை ஏற்கும் மனம் வேண்டாமா?

கல்வராயன் மலையிலோ பதிவதே அரிது. கைபேசிச் சமிக்ஞை எட்டாச் சிற்றூரில் நாட்டு வைத்தியரிடம் செல்லும் மலையாளிப் பழங்குடித் தாயின் குழந்தை எந்தக் கணக்கிலும் ஏறாது. நோயின்மையும் பதிவின்மையும் திரையில் ஒன்றுபோலவே தோன்றும். ஆகவே புதுக் கணிப்பு இயந்திரத்திற்கு முன்னதாக, வெள்ளிமலை வட்டாரத்தில் கூடுதல் செவிலியரும் அலைபேசிக் கோபுரமுமே வேண்டும் என்பது என் துணிபு.

மற்றொன்றும் உண்டு, நம் சமுதாயம் அதனைப் பட்டறிந்தது. 2020 ஏப்ரலில் தொற்றுக் கணக்கில் ‘தில்லி மாநாடு’ எனத் தனித்துச் சுட்டப்பட்டது. பின்னரே ‘ஒரே மூலம்’ எனச் சொல் மாறிற்று. அதற்குள் ஏச்சும் விலக்கும் பரவிவிட்டன. பழிக்கு அஞ்சுபவன் காய்ச்சலை மறைப்பான். இருபது வீடுகள் உள்ள மலையூரில் பெயரை நீக்கினாலும் ஆள் தெரியும். எனவே பொதுவில் வெளியிடும் கணக்கு, சிற்றூரளவில் அன்றி வட்டார அளவில் நிற்றல் நலம்.

மலையின் மேற்புறம் சேலம் மாவட்டத்தைச் சார்ந்தது. கருமந்துறைப் பக்கம் இறங்கும் நோயாளி அம்மாவட்டக் கணக்கிலும், கள்ளக்குறிச்சிக்கு இறங்குபவர் இம்மாவட்டக் கணக்கிலும் சேர்வர். இரு மாவட்டச் சுகாதார அலுவலர்களும் கல்வராயனை ஒரே மலையாகக் கொண்டு வாரந்தோறும் ஒரே கணக்கு எழுதலாம். அதன் படியொன்றைத் தமிழில் மலைப்பள்ளிகளின் கரும்பலகைக்கும் அனுப்பலாம்.