ஸ்பீக்கரில் 'ங்ங்ங்...' இரைச்சலா? தூக்கிப் போடும் முன் இதைச் செய்து பாருங்கள்!

பாட்டு நின்றுவிட்டது. ஆனால், ஸ்பீக்கர் நிற்கவில்லை. 'ங்ங்ங்...' என்று வண்டு போல ரீங்காரமிட்டுக்கொண்டே இருக்கிறது. விலை குறைந்த கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் இருக்கும் பல வீடுகளில் இது வழக்கமான தொல்லைதான். 'மலிவான பொருள், அப்படித்தான் இருக்கும்' என்று சிலர் புதிதாக வேறு வாங்கிவிடுகிறார்கள். அதிலும் அதே இரைச்சல் கேட்கும்போதுதான் குழப்பமே!

பல நேரங்களில் குறை ஸ்பீக்கரில் இருப்பதில்லை. மின்சாரம் வரும் வழியிலோ, ஒயரிலோ, பக்கத்தில் இருக்கும் செல்போனிலோ இருக்கும். எங்கே என்று கண்டுபிடிக்கச் சில எளிய சோதனைகள் போதும். பைசா செலவில்லை.

வால்யூமைக் குறையுங்கள்

ஸ்பீக்கரின் வால்யூமை முழுவதும் குறைத்துவிட்டு, ஆடியோ ஒயரைக் கழற்றுங்கள். அதன் பிறகும் இரைச்சல் கேட்டால், கோளாறு ஸ்பீக்கருக்குள்தான். நம் வீட்டுக்கு வருவது 50 ஹெர்ட்ஸ் ஏ.சி. மின்சாரம். அதை டி.சி.யாக மாற்றும்போது மிஞ்சும் ஏற்ற இறக்கத்தைச் சமன்படுத்துவது கெப்பாசிட்டர். அது காய்ந்துபோனாலோ, உப்பிவிட்டாலோ அந்த ஏற்ற இறக்கமே இரைச்சலாகக் கேட்கும். ரேடியோ, டி.வி. ரிப்பேர் கடையில் மாற்றித் தருவார்கள். நீங்களே திறக்க வேண்டாம். பிளக்கை உருவிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கலாம்.

ஒயரைக் கழற்றியதும் சத்தம் நின்றுவிட்டதா? ஸ்பீக்கர் நன்றாகவே இருக்கிறது. அடுத்த சோதனைக்குப் போகலாம்.

மவுஸை அசைத்தால் 'கிர்ர்' என்கிறதா?

சின்ன ஸ்பீக்கர்கள் பலவற்றில் யு.எஸ்.பி. ஒயர் வழியாக மின்சாரமும், 3.5 மி.மீ. பின் வழியாகப் பாட்டும் ஒரே கம்ப்யூட்டரில் இருந்து போகின்றன. இரண்டு ஒயர்களின் கிரவுண்டும் சேர்ந்து ஒரு வளையமாகிவிடுவதால், கம்ப்யூட்டருக்குள் நடக்கும் வேலையெல்லாம் சத்தமாகக் கேட்கும். யு.எஸ்.பி. பின்னை மட்டும் உருவி, ஒரு பவர் பேங்கில் செருகிப் பாருங்கள். இரைச்சல் போய்விட்டால் காரணம் இதுதான். பிறகு நல்ல செல்போன் சார்ஜரில் நிரந்தரமாகச் செருகிவிடலாம்.

டெஸ்க்டாப் என்றால், முன்பக்கத் துளையை விட்டுவிட்டுப் பின்பக்கம் இருக்கும் பச்சை நிறத் துளையில் ஆடியோ பின்னைச் செருகிப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே இரைச்சல் குறைவு.

லேப்டாப் சார்ஜரைக் கழற்றுங்கள்

பேட்டரியில் ஓடும்போது அமைதி, சார்ஜர் செருகினால் இரைச்சல் என்றால், சந்தேகம் சார்ஜர் மீதும் வீட்டு எர்த் மீதும்தான். முதலில், கம்ப்யூட்டரையும் ஸ்பீக்கரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுங்கள். ஆளுக்கொரு சுவரில் செருகும்போது ஏற்படும் கிரவுண்ட் வளையம் இதனால் சிறிதாகும். அப்படியும் தீரவில்லை என்றால், 'கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்' என்ற சின்னக் கருவி கார் ஆடியோ கடைகளில் கிடைக்கும். ஆடியோ ஒயருக்கு நடுவே செருகினால் போதும்.

அக்கம்பக்கத்தையும் பாருங்கள்

'டட்... டட்... டட்...' என்று விட்டுவிட்டுக் கேட்டால் அது செல்போன் வேலை. 2ஜி-யில் இயங்கும் பட்டன் போன் டவரோடு பேசும்போது வருவது. போனை ஓரிரு அடி தள்ளி வையுங்கள். ஃபேன் ரெகுலேட்டரைத் திருப்பும்போது இரைச்சல் கூடிக் குறைந்தால், ஸ்பீக்கர் ஒயரை அந்த ஸ்விட்ச் போர்டில் இருந்து விலக்கிப் போடுங்கள். பவர் ஒயரையும் ஆடியோ ஒயரையும் சேர்த்துச் சுருட்டிக் கட்ட வேண்டாம்.

இன்னொரு எளிய வழி: கம்ப்யூட்டரின் வால்யூமை 80 சதவிகிதம் வரை கூட்டிவிட்டு, ஸ்பீக்கரின் வால்யூமைக் குறைத்து வையுங்கள். வழியில் சேரும் இரைச்சலை ஸ்பீக்கர் பெரிதாக்குவது குறையும்.

எர்த் பின்னில் கைவைக்காதீர்கள்!

'மூன்று பின் பிளக்கில் பெரிய பின்னை உடைத்துவிட்டால் சத்தம் நின்றுவிடும்' என்று யாராவது யோசனை சொல்லலாம். சில சமயம் சத்தம் நிற்கவும் செய்யும். ஆனால், செய்யவே கூடாது. அந்தப் பின் மற்ற இரண்டையும்விட நீளமாக இருப்பதே உயிரைக் காக்கத்தான். செருகும்போது அது முதலில் இணைகிறது. உருவும்போது கடைசியில்தான் பிரிகிறது. உள்ளே ஏதாவது பழுதாகி இரும்புப் பெட்டியில் மின்சாரம் பாய்ந்தால், அது எர்த் வழியாகத் தரைக்குப் போகும். எர்த் இல்லையென்றால், தொடுகிற குழந்தையின் உடல் வழியாகப் போகும். மூன்று பின்னை இரண்டாக்கும் கன்வர்ட்டரும் இதே ஆபத்துதான்.

சி.பி.யு. பெட்டியின் இரும்புப் பகுதியில் கைபட்டால் 'சுருக்' என்கிறதா? ஸ்விட்ச் போர்டில் மூன்றாவது துளை இருந்தும், அதற்குப் பின்னால் எர்த் ஒயர் இல்லாமல் இருக்கலாம். பழைய வீடுகளில் இது சகஜம். அப்படியிருந்தால், ஸ்பீக்கரை விட்டுவிட்டு முதலில் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எல்லா பிளக் பாயின்ட்டிலும் எர்த் வருகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதே போர்டில்தான் நாளைக்கு கிரைண்டரையும் அயர்ன் பாக்ஸையும் செருகப் போகிறீர்கள்.